தாழ்ப்பாளின் வலது தோள்

செப்டம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

ஒருவனோடு ஒரே அறையில் இரண்டு வருடம் படுத்து எழுந்தவன், அங்கே கண்ணால் பார்த்ததை எதிரணிக்குச் சொல்லலாமா? நீ கேட்டிருக்கும் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இங்கே அம்மாவுக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. எனக்கு வழக்கமான முதுகுவலி. முட்டிக்கு ஐஸ் வைக்கிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்கிறாள் என்பதால், இந்த விஷயத்தை நீ கடிதத்தில் எழுதியது நல்லதாயிற்று. வாசித்துக் காட்டும்போது அந்தப் பக்கத்தை விட்டுவிட்டேன்.

நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். அடுத்த மாதம் உன் பழைய கால்பந்துக் கிளப்போடு உங்களுக்கு ஆட்டம். அந்தக் கிளப்பிலிருந்து வந்தவனை ஆட்டத் திட்டம் வரையும் பலகை முன்னால் நிற்கவைத்து, அங்கிருப்பவர்களின் பலவீனங்களைச் சொல்லவைப்பது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். ஏழு கிளப் மாறிய உனக்கு இது புதிதில்லை. ‘எனக்குச் சம்பளம் கோல் போடப் பாதி, கோள் சொல்லப் பாதி’ என்று நீயே ஒரு தடவை எழுதியிருக்கிறாய். இந்தத் தடவை கோல் வாயிலில் நிற்கப்போவது நாம் தாழ்ப்பாள் என்று பெயர் வைத்திருக்கும் மனிதர். நீ காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டவர். அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை அம்மாவைக் கூப்பிட்டு நலம் கேட்கிறவர். இரண்டு பக்கமும் மொழிபெயர்ப்பவள் நான் என்பதால் அவர் குரல் எனக்கும் பழக்கம்.

குளியலறையில் துண்டை எடுக்கக் கை நீட்டியபோது அவருடைய வலது தோள் கழன்றதையும், அவர் சொல்லச் சொல்ல நீயே அதைத் தள்ளிப் பொருத்தியதையும், கிளப் டாக்டருக்குத் தெரிய வேண்டாம் என்று அவர் உன்னிடம் கெஞ்சியதையும் முன்பு எழுதியிருந்தாய். அதைத்தான் சொல்வதா வேண்டாமா என்று கேட்கிறாய்.

எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று தோன்றுகிறது. சம்பளம் கொடுக்கிறவர் உன் கால்களை மட்டும் வாங்கவில்லை. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறார். நான் பாடம் நடத்தும் கல்லூரி மாறியபோது பழைய இடத்து நடைமுறைகளைப் புதிய இடத்தில் சொல்லத்தான் செய்தேன். யாரும் அதைத் துரோகம் என்று சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். முட்டியும் நலம், இந்த வாரம் அதுவே என்னை விசாரிக்கவில்லை. உன் முதுகுக்கு நாற்காலியை மாற்று என்று எத்தனை தடவை சொல்வது?

ஜெயித்துவிட்டோம். இரண்டுக்கு ஒன்று. இரண்டாவது கோல் நான் போட்டது. அம்மாவிடம் சத்தமாக வாசித்துக் காட்டு. முப்பத்து நான்கு வயதில் ஓடி வந்து அடித்தேன் என்று சொல். கோச் கன்னத்தில் தட்டி, ‘கிழட்டுக் குதிரைக்கு இன்னும் கொஞ்சம் புல் இருக்கு’ என்றார். சீசன் முடியும்வரை ஒப்பந்தம் நீட்டித்துவிட்டார்கள். மழை பெய்தால் கூரை ஒழுகும் அந்த அறையிலிருந்து மாற்றி, ஜன்னல் உள்ள அறை கொடுத்திருக்கிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் தாழ்ப்பாள் வந்து கட்டிக்கொண்டான். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான்.

போன தடவை நான் கேட்டதை விட்டுவிடு. அதில் ஒன்றுமில்லை.

உன் தம்பி


அக்டோபர் 27

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தை அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். கிழட்டுக் குதிரை என்ற இடத்தில் கோபம் வந்து, உன் கோச்சின் வயதைக் கேட்டு எழுதச் சொன்னாள்.

என் மாணவி ஒருத்தி உங்கள் ஆட்டத்தைத் தேடி எடுத்துக் காட்டினாள். எனக்குக் கால்பந்து தெரியாது. ஆனால் உங்கள் அணி அடித்த பந்தெல்லாம் ஒரே மூலைக்கு, அவருடைய வலது கைக்கு மேலே போனதைப் பார்க்கக் கால்பந்து தெரிய வேண்டியதில்லை. உன் கோலும் அங்கேதான் போனது. அவர் எழுந்து கம்பத்துக்குப் பக்கத்தில் போய், முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவர் உன்னைக் கட்டிக்கொண்டதையும் பார்த்தேன். இடது கையால் மட்டும்.

எழுத விருப்பமில்லையென்றால் எழுத வேண்டாம். தாழ்ப்பாள் சௌக்கியமா என்று அம்மா கேட்கிறாள்.

அக்கா


ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. போனில் அம்மாவோடு பேசிக்கொண்டுதான் இருந்தேன். உன்னிடம் போனைக் கொடுக்கிறேன் என்று சொன்னபோதெல்லாம் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டேன். உனக்கு அது புரிந்திருக்கும்.

பலகை முன்னால் நின்று முதலில் தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு பேரைப் பற்றிச் சொன்னேன். ஒருவன் இடதுபக்கம் திரும்பத் திணறுவான், இன்னொருவன் சீண்டினால் கை ஓங்குவான். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் கோச், ‘கோல்கீப்பர்?’ என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவன், ‘அவனோட ஒரே வீட்ல இருந்தவன்தானே நீ, குறட்டை விடுவானான்னாவது சொல்லேன்’ என்றான். மறுபடியும் சிரிப்பு. கோச் சிரிக்கவில்லை. என் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா என்பது அந்த வாரம்தான் முடிவாக வேண்டியிருந்தது. என் இடத்துக்கு இருபது வயதில் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்.

அக்கா, நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கினேன். பாதியில் நிறுத்தினேன். கீழே இறக்கிவிட்டேன். அவ்வளவுதான். கோச் பலகையில் அந்த மூலையில் ஒரு வட்டம் போட்டார்.

அந்த வாரம் முழுக்க அந்த மூலைக்கே அடித்துப் பழகினோம். ஆட்டத்தில் என்னிடம் பந்து வந்தபோது வேறு பக்கம் அடிக்க இடம் இருந்தது. கால் பழகிய பக்கம்தான் போனது என்று உனக்கு எழுதலாம். எனக்கு அது உண்மையா என்று தெரியவில்லை. அவன் எட்டினான். தோள் கழன்றுவிட்டது. கம்பத்தில் முட்டுக்கொடுத்து அவனே மாட்டிக்கொண்டதைத்தான் நீ பார்த்தாய்.

அதன்பிறகு எல்லா கிளப்பிலும் அந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் அங்கேயே அடித்தார்கள். கிளப் டாக்டர் தோளைச் சோதித்தார். டிசம்பரில் அவனை அனுப்பிவிட்டார்கள்.

இங்கே யாரும் என்னைத் தப்பாகப் பேசவில்லை. தொழில் என்கிறார்கள். ஆனால் நான் உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தால் ஒருவன் கணுக்காலில் சுற்றிய பேண்டேஜைத் துண்டால் மூடிக்கொள்கிறான். சிரித்துக்கொண்டேதான் மூடுகிறான். ‘அடுத்த கிளப்புல எங்களைப் பத்தி எந்தக் கையத் தூக்குவே?’ என்று கேட்கிறான்.

அம்மாவிடம் சொல்லாதே. அவள் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

உன் தம்பி


ஜனவரி 30

அன்புள்ள தம்பிக்கு,

மாத்திரை போடுகிறாள். நான் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

பதில் தெரியாது என்று எழுதியவள் அந்த வரியோடு நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்த பத்தியிலேயே பதிலையும் சொல்லிவிட்டேன். அதுவும் கல்லூரிக் கதையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு. பழைய கல்லூரியின் கால அட்டவணையைப் புதிய கல்லூரியில் சொன்னதால் யாருக்கும் தோள் கழன்றதில்லை. நீ கையைத் தூக்கியபோது என் கடிதம் உன் நினைவில் இருந்ததா என்று நான் கேட்கப்போவதில்லை. இருந்தது என்று சொன்னால் தாங்க முடியாது. இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன்.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டும்போது நலம் விசாரித்ததையும் கடைசி வரியையும் மட்டும் வாசித்தேன். அம்மா, “நாலு பக்கம் திருப்பின. நாலு வார்த்தைதான் காதுல விழுந்துச்சு. என்னடி எழுதியிருக்கான்?” என்றாள். பயிற்சி விவரம், உனக்குப் புரியாது என்றேன். “உனக்குப் புரியுதாக்கும்” என்று எழுந்து போய்விட்டாள்.

தாழ்ப்பாள் போன வாரம் வழக்கம்போல அம்மாவைக் கூப்பிட்டார். நலமாக இருப்பதாகச் சொன்னார்.

அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அதை விடு.

நேற்று தாழ்ப்பாள் என்னைப் பார்க்க வந்தான். தோளில் ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறான். கையைக் கழுத்தில் மாட்டித் தொங்கவிட்டிருந்தான். இனிமேல் கோல் காக்க முடியாது. ஒரு சின்ன கிளப்பில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறானாம். டீக்கடையில் உட்கார்ந்தோம். நான் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துதான் போயிருந்தேன். நம்பு. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். ‘எங்க ஆளுங்க எல்லாரும் நீதான் சொன்னேன்னாங்க. எனக்கு நம்பிக்கையில்ல. உன்னைக் கேட்டா நீ வருத்தப்படுவ. அதான் உங்க அக்காகிட்ட கேட்டேன். நீ சொல்லலைன்னு சொல்லிட்டாங்க. அவங்க சொன்னா சரி’ என்றான்.

என் தோளில் தட்டினான், இடது கையால்.

நீ ஏன் எனக்கு எழுதவில்லை? நலமாக இருப்பதாகச் சொன்னார் என்று ஒரே வரி எழுதினாய். இனி நான் உண்மையைச் சொன்னால் நீ பொய் சொன்னவள் ஆகிவிடுவாய். டீக்கு அவன்தான் காசு கொடுத்தான். நான் அதையும் தடுக்கவில்லை.

உன் தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நலம். அன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அம்மாவோடு பேசி முடித்தபிறகு அவர் என்னிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்றார். அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவருடைய ஆங்கிலம் நிதானமானது. ஒவ்வொரு வார்த்தையையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார். நீங்கள் படித்தவர், சுற்றிவளைக்க மாட்டீர்கள், உங்கள் தம்பி என் தோளைப் பற்றிச் சொன்னானா என்று கேட்டார்.

உன் கடிதம் என் மேஜைமேல்தான் இருந்தது. ‘என் தம்பி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை’ என்றேன்.

பொய் சொல்லவில்லை என்று அந்த நிமிடம் நினைத்துக்கொண்டேன். நீ எழுதியதே அந்த வாக்கியம்தான், அதைத்தான் மொழிபெயர்த்தேன். மாணவர்கள் விடைத்தாளில் இப்படி நழுவினால் சிவப்பு மையால் கோடு போடுகிறவள் நான். அவர் எனக்கு நன்றி சொன்னார். மன்னிப்பும் கேட்டார், இப்படிக் கேட்டதற்காக.

உனக்கு எழுதாததற்குக் காரணம் ஒன்றுதான். எழுதினால் நீ அவரிடம் உண்மையைச் சொல்லி, என்னைவிட நேர்மையாக இருக்க வேண்டியிருக்கும். அந்தப் பாரத்தை உன்மேல் வைக்கக் கூடாது என்று நினைத்ததாக இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நிஜத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது.

என்னைப் பொய்க்காரியாக்க வேண்டியிருக்கும் என்பதற்காக நீ நிறுத்த வேண்டாம். சொல்லிவிடு.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமா? அம்மாவின் கண் பரிசோதனை என்ன ஆயிற்று?

கிளப்பில் என்னை விட்டுவிட்டார்கள். சீசன் முடிந்த மறுநாள் கோச் கூப்பிட்டு, புல் தீர்ந்துவிட்டது என்ற மாதிரி ஏதோ சொன்னார். அந்த இருபது வயதுக்காரர்களில் ஒருவனுக்கு என் ஜன்னல் அறை. முகவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஊருக்கு வந்துவிடலாமா என்று பெட்டியை எடுத்துவைத்தேன்.

அப்போது தாழ்ப்பாள் கூப்பிட்டான். அவனுடைய சின்ன கிளப்புக்கு ஒரு ஸ்டிரைக்கர் வேண்டுமாம். நிர்வாகிகளிடம் என்னைப் பற்றிப் பேசிவிட்டானாம். ‘வயசாயிடுச்சு, ஆனா கோல் எங்க இருக்குன்னு தெரியும்’ என்று சொல்லியிருக்கிறான். அவன் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. மனைவியும் சரி என்றுவிட்டாள். நான் சரி என்று சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று யோசித்தேன்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் நானே சொல்லிவிடுவேன். நீ சொல்லிவிடாதே. இது நான் சொல்ல வேண்டியது.

உன் தம்பி


ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை. பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். நான் நலம்.

சொல்லிவிட்டாயா?

அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்று எழுதும்போது அவன் வீட்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அந்த அளவுக்கு ஆகிவிட்டது.

மாடி அறையில் மேஜை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவன் மனைவி என் ஜெர்சியையும் சேர்த்தே துவைக்கப் போடுகிறாள். காலையில் அவன் ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடிக்குள் நுழைத்துத் தோளுக்குப் பயிற்சி செய்வான். மறுமுனையை நான் பிடித்துக்கொள்ள வேண்டும். கை ஓர் உயரத்துக்கு மேல் போகாது. பாதியில் நின்றுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு, ‘இன்னைக்கு நேத்தைக்கு மேல போச்சா?’ என்று கேட்பான். போச்சு என்பேன்.

தினமும் சொல்லத்தான் வாயெடுக்கிறேன். அதற்குள் அவன் ஏதாவது நல்லது செய்துவிடுகிறான். நல்லது செய்கிறவனிடம் எப்படிச் சொல்வது? ஒரு நாளாவது என்மேல் எரிந்து விழுந்தால் சொல்லிவிடுவேன்.

இரண்டு ஆட்டத்தில் மூன்று கோல் போட்டேன். அம்மாவிடம் சொல்.

உன் தம்பி


செப்டம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் கண்ணில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வருகிறவர்களிடம் எல்லாம் தன்னைப் பார்த்தால் பெரிய மனுஷி மாதிரி இருக்கிறதா என்று கேட்கிறாள். நானும் நலம்தான்.

உன் மூன்று கோலைச் சொன்னேன். சந்தோஷப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “ஒரு வருஷமா என் புள்ள கடுதாசியப் பாதிப் பாதியா எனக்குப் படிக்கிற. மீதியை நீயே தின்னுக்கிட்டு இளைச்சுப் போற. அவனுக்கு ஏதும் வியாதியா?” என்றாள். அவள் மனதில் ஒரு வருடமாக என்னென்ன வியாதி ஓடியிருக்கும் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் வாசித்தேன், என் கடிதங்களில் இருந்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

வியாதி இல்லை என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டாள். அப்படி விட்டதற்காக அடுத்த நிமிடமே அவள் முகம் சிறுத்துப் போனது. பிறகு, “அந்தப் புள்ள வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டா இப்படி இருக்கான்?” என்று கேட்டாள். அதோடு சரி. சாப்பிடவில்லை.

நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். நீயே சொல்ல வேண்டியது என்று நீ சொன்னதை மதிக்கிறேன். அவர் கூப்பிட்டால் நான் ஏதும் சொல்லப்போவதில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு இனி உன்னிடம் நலம் விசாரிக்கவும் என்னால் முடியாது. நீ சொல்லும்வரை எனக்கு எழுதாதே. அம்மாவோடு போனில் பேசு.

இதைக் கவரில் போட்டு ஒட்ட மனம் வரவில்லை. நாளை பார்க்கலாம்.


செப்டம்பர் 15

இன்று நடந்ததை இதிலேயே தொடர்ந்து எழுதுகிறேன்.

தாழ்ப்பாள் கூப்பிட்டார், அம்மாவின் கண் எப்படி இருக்கிறது என்று கேட்க. வழக்கம்போல முதலில் நான் எடுத்தேன். ஆபரேஷன் விவரம் சொன்னேன். நீ பயிற்சிக்குப் போயிருப்பதாகச் சொன்னார். நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை. அம்மா கையை நீட்டினாள். ஸ்பீக்கரைப் போட வேண்டாம் என்றாள். கொடுத்தேன்.

அவள் நலம் சொல்லவில்லை. “தம்பி, உன் தோளக் காட்டிக் கொடுத்தது எங்க பையன்தான். என் பொண்ணு உங்கிட்ட சொன்னது பொய். ரெண்டும் நான் பெத்ததுங்கதான்” என்றாள். அவருக்கு இதில் ஒரு சொல்லும் புரிந்திருக்காது. போனை என்னிடம் திருப்பிக் கொடுத்து, “நான் சொல்லிட்டேன். இத அவன் பாஷையில சொல்லு” என்றாள்.

நேற்று ஒரு பத்தி எழுதி எடுத்த முடிவு அவள் முகத்தைப் பார்த்ததும் நிற்கவில்லை. சொன்னேன். இந்தத் தடவை எதையும் விடவில்லை. நீ கையைத் தூக்கியதையும், பாதியில் நிறுத்தியதையும், நான் எந்த வார்த்தையின் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்பதையும்.

மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் அதைக் கேட்க விரும்பவில்லை என்றார். அம்மாவிடம் கொடுங்கள் என்றார்.

கொடுத்தேன். அவர் பேசினார். அம்மா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன், அவள் உட்காரவில்லை. எனக்கு எட்டியவரையில் அது ஆங்கிலம்கூட இல்லை, அவருடைய சொந்த மொழி. குரல் ஏறியது, உடைந்தது, மறுபடியும் ஏறியது. அம்மா ஒரு தடவைகூட இடையில் பேசவில்லை. அவர் வைத்தபிறகுதான் போனைக் கீழே இறக்கினாள்.

என்ன சொன்னார் என்று கேட்டேன். இப்படி ஓர் அசட்டுக் கேள்வியை நான் கேட்டதில்லை.

“எனக்கென்ன தெரியும்? திட்டினான். நல்லா திட்டினான். முழுசும் கேட்டுக்கிட்டேன்” என்றாள். பிறகு போய்ப் படுத்துக்கொண்டாள்.

உன்னைப் பல தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. நேற்று எழுதியதில், எனக்கு எழுதாதே என்று சொன்ன வரியை அடித்துவிடுகிறேன். கவரின்மேல் அவர் வீட்டு முகவரியைத்தான் எழுதுகிறேன். வேறு முகவரி என்னிடம் இல்லை.

அக்கா